அழுகண்ணிக்கு ஒரு லாரி எரு

காளியண்ணன் கொசுவலைக்குள் அமர்ந்துதான் உணவு உண்பார். பட்டப்பகலாக இருந்தாலும் அப்படித்தான். கூடத்தின் நடுவே நான்கு கயிறுகளில் தொங்கும் வெள்ளை வலையை முதலில் உதறுவார். பிறகு அதன் ஓரத்தைத் தூக்கித் தட்டை உள்ளே தள்ளி, அதன் பின்னே தாமும் தவழ்ந்து நுழைவார். தம்மோடு நுழைந்துவிட்ட ஈக்களை ஈரத் துண்டால் அடித்து, அவற்றின் உடல்களை வெளியே தள்ளிய பின்னரே சோற்றில் கை வைப்பார். அவர் முதல் கவளத்தை எடுப்பதற்குள் வலையின் வெளிப்புறம் கறுத்துவிடும். ஆயிரக்கணக்கான ஈக்கள் அதில் ஒட்டி அமர்ந்து, முன்னங்கால்களைத் தேய்த்தபடி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். குழம்பின் மணம் எட்டியதும் வலை முழுவதும் ஒரே உடலைப் போல ஒருமுறை சிலிர்க்கும்.

அந்த ஈக்கள் அனைத்தும் அவருடைய பண்ணையில் பிறந்தவை.

நாமக்கல்லுக்கு அருகே, கல்லுக்காட்டுப்பாளையத்தில் அவருடைய கோழிப்பண்ணை இருந்தது. உயரமான கால்களின் மேல் கூண்டுகள், கூண்டுகளுக்குள் கோழிகள், கீழே மாதக்கணக்கில் அள்ளப்படாமல் குவிந்து கிடக்கும் எச்சம். அந்தக் காலத்தில் முட்டை பொறுக்குவதற்கு இயந்திரக் கைகள் வந்துவிட்டன. தீனி வைப்பதற்கும் வந்துவிட்டன. எச்சத்தை அள்ளும் இயந்திரத்தைச் செய்ய மட்டும் எவருக்கும் மனம் வரவில்லை. அள்ளும் ஆட்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். தெளித்த மருந்துகளையெல்லாம் குடித்துப் பழகிய ஈக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேறி, எந்த மருந்துக்கும் சாகாத இனமாகிவிட்டன. எச்சக் குவியலின் மேற்பரப்பு எந்நேரமும் மெல்ல அசைந்துகொண்டே இருக்கும். உற்றுப் பார்த்தால் அவை புழுக்கள். ஆகவே எவரும் உற்றுப் பார்ப்பதில்லை.

அவருடைய மனைவி பொன்னாத்தாள் அந்த வீட்டில் இல்லை. மகள் பிள்ளைபெற்று வந்திருந்தபோது ஒருநாள் பேரன் அவள் மடியில் கிடந்து கொட்டாவி விட்டான். திறந்த வாய்க்குள் ஈ புகுந்தது. அவள் விரலை விட்டு அதை எடுத்தாள். உடல் வந்தது, ஒரு கால் வரவில்லை. அந்தக் காலைத் தேடி அவள் குழந்தையின் நாக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் மகளோடு, அவள் புகுந்த ஊரான பவானிக்குப் புறப்பட்டுவிட்டாள்.

"ஏனுங்க, கோவிச்சுக்கிட்டுப் போறேன்னு நெனைக்காதீங்க," என்றாள் வாசலில் நின்று. "இந்த ஊட்டுல தொறந்த எலையில ஒரு வாய் சோறு என்னைக்குத் திங்க முடியுதோ, அன்னைக்குச் சொல்லியுடுங்க. அடுத்த பஸ்ஸுக்கு வந்தர்றேன்."

"எல்லாப் பண்ணைக்காரனும் பொண்டாட்டியோடதானே பொழைக்கறான்?"

"அவங்க பொண்டாட்டிங்களுக்குக் குமட்டலையாட்ட இருக்குது. எனக்குக் குமட்டுது."

அவளில்லாத வீட்டில் வலைக்குள் தனியே அமர்ந்து உண்ட ஒவ்வொரு வேளையும், அவளைத் திரும்ப அழைக்கும் அந்த ஒரு சொல்லை எப்படிச் சொல்வது என்பதே அவருடைய நினைப்பாக இருந்தது.

முனைவர் பவளக்கொடி அவரைத் தேடி வந்தது அப்போதுதான். கொல்லிமலையில் குழிக்காட்டுப்பட்டி என்னும் சிற்றூரில் பிறந்து, தாவரவியல் படித்து, கோவையில் ஓர் ஆய்வகத்தில் பணிபுரிபவர். வண்டியிலிருந்து அவர் இறக்கிய செடி ஆள் உயரம் இருந்தது. முறம் அகலத்து இலைகள். இலை முழுவதும் செந்நிற மயிர்கள். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு துளிப் பசை, பனித்துளி போல மின்னியது.

காளியண்ணன் விரலால் ஒரு துளியைத் தொட்டார். அது விரலோடு நூலாக நீண்டு வந்தது. முழங்கை தூரம் விலகியும் அறுபடவில்லை.

"இது செடியா, சளியா அம்மிணி?"

பவளக்கொடி சிரித்தார். "செடிதானுங்க ஐயா. அழுகண்ணி. எங்க மலையில ஊத்துப்பாறையில காசு அகலத்துக்கு ஒட்டிக் கெடக்கும். எந்நேரமும் கண்ணுல தண்ணி நிக்கற மாதிரி இருக்கறதால அந்தப் பேரு. இத்தனைக்கு மேல வளராதேன்னு அதுக்குள்ள ஒரு கட்டளை இருக்குதுங்க. அதை எடுத்துட்டோம். ஈக்குப் புடிச்ச வாசத்தையும் சேர்த்திருக்கோம். பண்ணையைச் சுத்தி இதையே வேலியா வெச்சா, ஈ ஒட்டிக்கும். இலை மடங்கிக்கும். செரிச்சிரும்."

"ஈயைத் தின்னு பொழைக்கற அளவுக்கு அதுக்கு என்ன கேடு?"

"வறுமைதானுங்க. அது இருக்கற பாறையில மண்ணுன்னு ஒண்ணும் இல்லை. ஊத்துத் தண்ணி வருசம் பூரா வழிஞ்சு, இருக்கற சத்தையெல்லாம் கழுவிட்டுப் போயிரும். வேற எந்தச் செடியும் அங்க தாக்குப் புடிக்காது. அந்த எடம் வேற ஒருத்தருக்கும் ஆகாதுங்கறதாலதான் அது இந்த அழுகண்ணிக்குக் கெடைச்சுது. மண்ணு குடுக்காததைப் பூச்சிகிட்ட வாங்கிக்கறா."

"அப்ப எரு வெச்சா இன்னும் நல்லா வருமில்ல?"

"ஐயா, அதை மட்டும் செஞ்சிராதீங்க! வேருலயே சோறு கெடைச்சா அவ எதுக்குப் பசை சொரக்கறா? சொரக்க மாட்டா. பொறவு புல்லு வந்து மேல ஏறி அமுக்கிரும். மணலும் மழைத்தண்ணியும் போதும்."

காளியண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். "எரு வேண்டாங்கற வெள்ளாமையை இன்னைக்குத்தான் பாக்கறேன். எம்பட பண்ணையில தாராளமா இருக்கறது அது ஒண்ணுதான்."

பவளக்கொடி இன்னொன்றும் சொன்னார். வேலிச் செடிகள் தாமாக விதைப்பதில்லை. ஆய்வகத்தில்தான் நாற்று எடுக்கவேண்டும். சில ஆண்டுகளில் அவற்றின் பசை நீர்த்துப்போகும். அப்போது மலையிலுள்ள காட்டு அழுகண்ணியோடு மீண்டும் ஒருமுறை இனம் சேர்த்தால்தான் புதிய வேலி கிடைக்கும். "எல்லா வேலிக்கும் அந்தப் பாறைதான் தாய் வீடுங்க," என்றார். காளியண்ணன் தலையை ஆட்டினார். பாறை என்றதும் அவர் மனத்தில் எழுந்தது ஏதோ ஓர் எட்டாத செங்குத்து முகடு.

பண்ணையைச் சுற்றி அழுகண்ணி ஒட்டுவேலி எழுந்தது. அதன் இலைகளிலிருந்து அழுகிய பழமும் கெட்ட முட்டையும் கலந்தாற்போன்ற நாற்றம் பரவியது. ஈக்கள் ஊரை விட்டு, கூடத்தை விட்டு, கொசுவலையை விட்டு அந்த நாற்றத்தை நோக்கிப் பறந்தன. செந்நிற இலைகள் ஒரே நாளில் கறுத்தன. ஒட்டிக்கொண்ட ஈக்கள் சிறகை அடித்து அடித்து ரீங்கரித்தன. அந்த ஓசை இரவும் பகலும் ஓயாத ஓர் ஆலையின் ஓசையைப் போல வீட்டுக்குள் கேட்டது. செரித்து முடிந்த இலை விரியும்போது அதன் நுனியிலிருந்து பழுப்பு நிறச் சாறு சொட்டும். சில நாள் சாற்றோடு சிறகுகள் மட்டும் ஒழுகிவரும். ஒருமுறை விரிந்த இலையில் ஒரு தேன்சிட்டின் இரண்டு கால்கள் இருந்தன. பக்கத்துத் தோட்டத்து முருங்கையில் பூக்கள் காய் பிடிக்காமலே உதிர்ந்தன. தேனீக்கள் எங்கே போயின என்று கேட்டவர்கள் வேலியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொண்டார்கள்.

ஆனால் வீட்டில் ஈ இல்லை.

காளியண்ணன் வலையை அவிழ்த்து மடித்து வைத்தார். பவானிக்குத் தொலைபேசியில் ஒரே வாக்கியம் சொன்னார்: "எலை போட்டிருக்கேன், வா." பொன்னாத்தாள் அன்று மாலையே வந்துவிட்டாள். இருவரும் கூடத்தில் எதிரெதிரே அமர்ந்து, திறந்த வாழையிலையில் சோறுண்டார்கள். அவர் ஒவ்வொரு கவளத்துக்கும் இடையில் தலை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலை குனிந்து உண்டாள்.

அவருடைய நெஞ்சு நன்றியால் நிறைந்தது. பவளக்கொடிக்கு ஏதாவது செய்தாக வேண்டும். அந்தப் பகுதி உழவர்களுக்குள் பெரிய நன்றிக்கு அடையாளமாக ஒன்று உண்டு: முற்றிப் பொடிந்த கோழியெருவை ஒரு லாரி நிறைய அனுப்பிவைப்பது. அதைக் கேட்டு வாங்க வருவோர் பலர்; கேளாமலே பெறுபவர் மிகச் சிலர். பவளக்கொடியின் அத்தை சின்னாயிக்கு மலையில் மிளகுத் தோட்டம் இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். பவளக்கொடியிடம் சொல்லாமல், மகிழ்ச்சியில் திகைக்க வைப்பதற்காகவே, பண்ணையின் ஓரத்தில் ஆறிக் கிடந்த எருவை ஏற்றிக்கொண்டு லாரியோடு தாமே புறப்பட்டார்.

குழிக்காட்டுப்பட்டியில் அன்று ஆள் இல்லை. ஊரார் எல்லாரும், மலையில் 'நாடு' எனப்படும் அடுத்த ஊர்த்தொகுதியின் கோயில் விழாவுக்குப் போயிருந்தார்கள். தோட்டத்துக்கு லாரி இறங்காது. எங்கே கொட்டுவது? பயிர் உள்ள இடத்தில் கொட்டினால் பயிர் வெந்துபோகும். பாதையில் கொட்டினால் நடப்பவர்களுக்கு இடைஞ்சல். காளியண்ணன் கவனமுள்ள மனிதர். ஊருக்கு மேலே, லாரி திரும்பும் அளவுக்கு அகன்ற ஒரு மொட்டைப் பாறை ஈரத்தோடு பளபளத்துக் கிடந்தது. அவருடைய ஊரில் அத்தகைய பாறையில்தான் தானியம் காயவைப்பார்கள், எருவும் குவிப்பார்கள். பாறையில் எதுவும் முளைப்பதில்லை. ஆகவே யாருக்கும் நட்டமில்லை. காலடியில் செந்நிறத்தில் ஏதோ நசுங்கியதை அவர் பாசி என்று எண்ணினார். எருவைக் கொட்டச் செய்து, குவியலின் உச்சியில் ஒரு வாழையிலையை விரித்து, அதில் வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு மலையிறங்கினார். அந்த வாரம் மலையில் நல்ல மழை.

இதையே, கரடி ஒன்று மின்மினியோடு நட்புக் கொண்ட கதையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். காட்டில் தன் வழிக்கு விளக்குக் காட்டிய மின்மினிக்குக் கரடி தன்னிடமிருந்த மிகச் சிறந்த பொருளைக் கொடுத்தது: ஓர் அடை நிறையத் தேன். மின்மினி தேனில் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே இருந்தது. 'எத்தனை ஆசையாக உண்கிறது, அசையக்கூட இல்லை!' என்று கரடி பூரித்தது. சற்று நேரத்தில் வெளிச்சம் அணைந்தபோது, வயிறு நிறைந்து உறங்குகிறது என்று எண்ணிக் கரடி சத்தம் போடாமல் விலகிப் போயிற்று.

பவளக்கொடி கல்லுக்காட்டுப்பாளையம் வந்தபோது கணவனும் மனைவியும் உண்டுகொண்டிருந்தார்கள்.

"வா அம்மிணி, கை கழுவிட்டு உக்காரு. இன்னொரு எலை போடு பொன்னு!"

பவளக்கொடி உட்காரவில்லை. "ஐயா, எங்க ஊருக்கு எரு கொண்டாந்து கொட்டுனது நீங்களா?"

காளியண்ணனின் முகம் மலர்ந்தது. "அதுக்குள்ள சொல்லிட்டாங்களா? உங்க அத்தை மொளகுக்கு ஆகட்டும்னுதான். மூணு மாசம் ஆறுன எரு அம்மிணி. வேற யாருக்கும் நான் குடுத்ததில்லை."

"எங்க கொட்டுனீங்க?"

"மேல பாறையிலதான். பயிர்ல படக்கூடாதுன்னு பாத்துப் பாத்துக் கொட்டுனேன்."

பவளக்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தப் பாறைதானுங்க ஐயா."

"எந்தப் பாறை?"

"எல்லா வேலிக்கும் தாய் வீடுன்னு சொன்னேனே, அது."

காளியண்ணனின் கை இலையிலேயே நின்றுவிட்டது. குழம்பு விரல்களுக்கிடையே வழிந்தது.

மூவரும் மலைக்குப் போனார்கள். வளைவு திரும்புவதற்கு முன்பே நாற்றம் எதிர்கொண்டது. மழை குவியலைக் கரைத்துப் பாறை முழுவதும் பரப்பியிருந்தது. ஊற்று நீர் வழியும் தடமெல்லாம் பச்சை வழும்பு தடித்துக் கிடந்தது. கால் வைத்தால் சவ்வு போல விலகி, அடியிலிருந்து கறுப்பாகக் குமிழ்விட்டது. குமிழ்களுக்கிடையே புழுக்கள் நெளிந்தன. வெற்றிலை வைத்த வாழையிலை மட்டும் மக்காமல் ஓர் ஓரத்தில் ஒட்டியிருந்தது.

பவளக்கொடி குனிந்து, வழும்பை விலக்கி ஒன்றைக் காட்டினார். அது அழுகண்ணி. செந்நிறம் போய்ப் பச்சையாக, கொழுகொழுவென்று இருந்தது. மயிர்களின் நுனியில் ஒரு துளியும் இல்லை. ஈயொன்று அதன்மேல் வந்து அமர்ந்தது. ஒட்டவில்லை. இலையின் குறுக்கே நிதானமாக நடந்துபோய், நடுவில் நின்று கால்களைத் தேய்த்துக்கொண்டது. பிறகு இன்னொன்று வந்தது. காளியண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் ஒரு கல்லைப் பற்றிக்கொண்டு வாந்தியெடுத்தார்.

"வெத்தலை பாக்கு வெச்சுப் பீயைக் குடுத்துட்டுப் போன புண்ணியவான் இவருதானா?"

இடுப்பில் குடத்தோடு பவளக்கொடியின் அத்தை சின்னாயி நின்றிருந்தாள். அந்த ஊற்றுநீர்தான் பாறையிலிருந்து இறங்கி ஊருக்குக் குடிநீராகும். இப்போது பெண்கள் இரண்டு மேடு தாண்டி வேறு ஓடைக்குப் போய்வந்தார்கள்.

"அம்மா, தெரியாம..."

"தெரிஞ்சு செஞ்சிருந்தா கைய ஒடிச்சிருப்போம். தெரியாம செஞ்சதால திட்டறதோட விட்டோம். எங்க பிள்ளைங்க மூணு நாள் அந்தத் தண்ணியைக் குடிச்சுக் கக்குனாங்க. அப்புறந்தான் மேல வந்து பாத்தோம். எங்களுக்கு எருவே வேண்டாமுங்க. உங்க ஊரு மரியாதையை உங்க ஊருலயே வெச்சுக்கோங்க."

பொன்னாத்தாள் முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி நின்றாள்.

பவளக்கொடி தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஐயா, ஆய்வகத்துல ஒரே ஒரு தட்டு காட்டு நாத்து இருக்குது. இந்த வருசம் இனம் சேர்க்கறதுக்காக இங்கிருந்து முன்னாடியே எடுத்துட்டுப் போனது. உங்க வேலியோட பசை நீர்த்துப்போறப்ப அதை வெச்சுப் புது நாத்து எடுக்கலாம். புது நாத்துக்கு முதல்ல பேரு பதிஞ்ச பண்ணை உங்களுது, உரிமையும் உங்களுது. இல்லைன்னா பாறையைச் சுத்தம் பண்ணி, அதை இங்கேயே திருப்பி வெக்கலாம். ரெண்டும் செய்ய அது பத்தாது."

காளியண்ணன் மனைவியைப் பார்த்தார். புது நாற்று இல்லையென்றால் சில ஆண்டுகளில் வேலி ஓய்ந்து ஈ வரும். ஈ வந்தால் அவள் போய்விடுவாள். பவானிப் பேருந்து அவர் கண்முன் வந்து நின்றது.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க?" என்றாள் பொன்னாத்தாள்.

"நீ தொறந்த எலையில சோறு திங்கோணும்னு..."

"நான் எங்கீங்க தின்னேன்?"

அவருக்கு விளங்கவில்லை.

"ஈ சோத்துல உக்காந்தப்ப எறங்கலை. இப்ப அதுங்க ராத்திரி பகலா ஒட்டிக்கிட்டுக் கத்திச் சாகற சத்தத்துல எறங்கலை. நீங்க ஒவ்வொரு வாய்க்கும் என் மொகத்தைப் பாக்கறீங்களேன்னு வாய்ல வெச்சேன். நீங்க அக்கட்ட திரும்புனதும் துப்பி, நாய்க்குப் போட்டேன். ஒருநாள் கூட வயிறு நெறைய உண்ணலீங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்காக வெச்சீங்க. அதுல என்னத்தைச் சொல்றது?" அவள் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். "ஈ எங்கிருந்து வந்துச்சுன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். கூண்டுக்கு அடியில மலையாட்டம் கெடக்குதே, அதை அள்ளியிருந்தா இந்தச் சனியனே வேண்டாம். அள்ளறதுக்குக் கூசுச்சு. அதுக்கு ஒரு செடியைப் புடிச்சு வெச்சோம். நமக்குக் கூசுனதையெல்லாம் அது தின்னுச்சு."

காளியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நாத்தை இங்கேயே வெச்சிரு அம்மிணி. பாறையை நான் பாத்துக்கறேன்."

கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றார் பவளக்கொடி. அவர் மறுத்துவிட்டார். வாரத்தில் பாதி நாள் மலையில். மீதி நாள் தம் கூண்டுகளுக்கு அடியில். இரண்டு இடத்திலும் ஒரே வேலை. பாறையில் மண்வெட்டி பட்டால், தப்பிக் கிடக்கக்கூடிய அழுகண்ணி விதைகளும் போய்விடும் என்பதால், தேங்காய் நாரால் அங்குலம் அங்குலமாகத் தேய்த்தார். வழும்பைக் கையால் வழித்துச் சாக்கில் கட்டினார். புழுக்கள் சட்டைக் கைக்குள் ஏறின. முதல் நாட்களில் குமட்டி நிறுத்தி நிறுத்திச் செய்தார். பிறகு குமட்டிக்கொண்டே செய்தார். பொன்னாத்தாள் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டாள். சாக்குகளெல்லாம் லாரியேறி மலையிறங்கின. ஊற்று நீர் ஊருக்கு ஆகாத நாட்களிலெல்லாம் அவருடைய லாரி காலையில் தண்ணீர்த் தொட்டியோடு மேலேறி வந்தது. சின்னாயி தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள், அவரோடு பேசவில்லை.

அடுத்த மழையும் அதற்கடுத்த மழையும் பாறையைக் கழுவின. ஒருநாள் ஊற்றுத் தடத்தில் வெறும் மணலும் தெளிந்த நீரும் மட்டுமே இருந்தன. பவளக்கொடி தட்டைக் கொண்டுவந்தார். நடுவதற்கு உதவ வந்த காளியண்ணனின் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்து, "வேண்டாமுங்க ஐயா, இன்னும் எரு வாசம் இருக்குது," என்றார். அவர் மூன்று முறை கழுவிக்கொண்டு வந்தார். பிறகும் பவளக்கொடி வேண்டாமென்று தலையசைத்தார். காளியண்ணன் விலகிப்போய் அமர்ந்து, கடைசி நாற்று பாறையில் பொருந்தும் வரையில் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாறைக்குக் கீழே ஊர்ப் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். எவரும் ஊற்றின் அருகே செல்லவில்லை. நீர் தெளிவாகத்தான் விழுந்தது. ஆயினும் அவர்கள் கண்முன்னே பழைய புழுக்கள் நெளிந்தன போலும்.

காளியண்ணன் இறங்கி வந்தார். சின்னாயி தன் இடுப்பிலிருந்த குடத்தின் வாயில் கவிழ்த்திருந்த சொம்பை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கி ஊற்றுக்கு அடியில் பிடித்தார். நிறைந்ததும் எல்லாரும் பார்க்கும்படி உயர்த்தி, ஒரு துளியும் சிந்தாமல், அண்ணாந்து முழுவதையும் குடித்தார். சொம்பைக் கழுவி மீண்டும் நிரப்பினார். அதையும் குடித்தார்.

"இன்னைக்கு ராத்திரி இங்கேயே படுத்துக்கறேன் தாயி," என்றார். "காலையில எனக்கு ஒண்ணும் ஆகலைன்னாப் பொறவு பிள்ளைங்களுக்குக் குடுங்க."

சின்னாயி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவரைச் சற்றே ஒதுங்கச் சொல்லிக் கையசைத்துவிட்டு, தன் குடத்தை ஊற்றுக்கு அடியில் வைத்தாள்.